தலைவெட்டிக் கோயில் பல்லி

ஊர்க்கோடியில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் கட்டடம் இருந்தது. வெளியாட்களை உள்ளே விடாததால், அங்கே தலையை வெட்டுகிறார்கள் என்று நம்பிய ஊரார் அதைத் தலைவெட்டிக் கோயில் என்றார்கள். ஒருநாள் அதன் ஜன்னல் வழியாக வாலில்லாத பல்லி ஒன்று வெளியே வந்தது.

மதிலில் இருந்த காகம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு கேட்டது. “உள்ளே என்னதான் நடக்குது?”

“வாசல்ல ஒருத்தர் வாளோட நிப்பார். மத்தவங்க போன கூட்டத்துக் குறிப்பை வாசிப்பாங்க, கட்லெட் சாப்பிடுவாங்க. எங்க தாத்தா காலத்துலேருந்து இதேதான்.”

“உன் வால் எங்கே?”

“கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. விட்டுட்டு வந்துட்டேன்.”

“வாள் இருக்குன்னு நீயே சொன்னியே” என்ற காகம், பறந்துபோய் பல்லியின் வாலை உள்ளே வெட்டிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டது.

சில வாரங்களில் பல்லிக்குப் புது வால் முளைத்தது. காகத்திடம் வந்து அதை ஆட்டிக் காட்டியது.

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. “ஓகோ, வாயைத் திறக்காம இருக்கப் புதுசா ஒண்ணு கொடுத்துட்டாங்களா?”