மாத்திரை போடாத காலை

டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிற நாளில் மட்டும் அற்புதமேரி வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொள்வாள். அடிவயிற்றுக்குக் கீழே நான்கு வருடமாக எரிகிற வலி; உட்கார்ந்தால் கூடும். அதற்காக, படித்தவர்கள் முன்னால் நெளிந்துகொண்டு உட்காருவது மரியாதையில்லை என்பது அவள் எண்ணம். கஞ்சி போட்ட சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க, அதையே போடுங்க" என்று ஒவ்வொரு முறையும் பழைய மாத்திரையே எழுதப்பட்டது.

இந்த முறை அவள் கணவர் இருதயராஜ் மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"குடுங்க. அங்க வந்து நான் அசிங்கப்படணுமா?"

"இன்னிக்கு ஒரு நாள் அவங்க கண்ணால பாக்கட்டும் புள்ள."

பேருந்தில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

"இதைவிட நல்லா கேக்கிற மருந்தா எழுதுங்கம்மா. ராத்திரி முழுக்க சுவரைப் பிடிச்சிட்டு நிக்கிறா" என்றார் இருதயராஜ், டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா? வலி எப்படி இருக்கு?"

நாற்காலியைப் பிடித்து நின்றிருந்த அற்புதமேரி மெல்ல உட்கார்ந்தாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியது. முதுகை நிமிர்த்திச் சிரித்தாள்.

"பரவால்லம்மா. இவருதான் பயந்துக்கிறாரு."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். இருதயராஜ் எட்டி, மருந்துச் சீட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"கையை எடுங்க சார்."

அவர் எடுக்கவில்லை. அற்புதமேரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள், இழுக்கவில்லை.