அப்பா போட்ட கோலம்

அம்மா விழுந்த சத்தம், யாரோ வாசலில் அரிசி மூட்டையைப் போட்டதுபோலத்தான் குமுதாவுக்கு முதலில் கேட்டது.

சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். படிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே கொடியில் அப்பாவின் சட்டை தொங்கியது. நனைந்துவிடுமே என்று எடுக்க வந்திருக்கிறாள். அப்பாவைத் தகனத்துக்குக் கொண்டுபோனது நேற்றுத்தான். அந்தச் சட்டை இனி நனைந்தால் என்ன, காய்ந்தால் என்ன என்று அம்மாவிடம் யார் சொல்வது?

பக்கத்து வீட்டு ரமணி அக்கா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். "தூக்கிறாத குமுதா, அப்படியே இருக்கட்டும் லா," என்று கத்தினாள்.

குமுதா ஈரத் தரையில் உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

ஒரே ஒரு படி. கல்யாணமாகி ஜெலுத்தோங்கில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா ஏறி இறங்கும் படி. நேற்று சாயங்காலம்தான், "என்னோட கே.எல். வந்துரும்மா," என்று குமுதா தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "இந்த வீட்டுல நான் கண்ண மூடிக்கிட்டே நடப்பேன் லா. நீ போ, ஒன் வேலையப் பாரு."

நம்புவது வசதியாக இருந்தது. குமுதா நம்பிவிட்டாள்.

அப்பா பிச்சைமுத்துவின் கோலம் அந்தச் சந்து முழுக்கப் பிரசித்தம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன் திடீரென்று ஒருநாள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரைத்த மாவுக் கிண்ணத்தோடு வாசலில் குந்திவிட்டார். அன்றிலிருந்து தினமும் அதே வேலை.

அதுவும் என்ன கோலம்! புள்ளி கிடையாது, சுழி கிடையாது. படியின் விளிம்பு நெடுக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அவ்வளவுதான்.

"அண்ணே, நீங்க பஸ் ஓட்டுனதுக்கு ரோட்டுக்குக் கோடு போடுற வேலைக்குப் போயிருக்கலாம்," என்று ரமணி அக்கா வாரிவிடுவாள். அப்பா சிரித்துவிட்டு, பட்டையின்மேல் இன்னொரு முறை மாவை இழுப்பார்.

தீபாவளிக்கு வரும்போதெல்லாம் குமுதாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பெண்டாட்டியைக் குனியவிடாமல் தாங்குகிறாராம் என்று நினைத்துக்கொள்வாள். அம்மாவுக்குப் பேப்பரை உரக்க வாசித்துக் காட்டுவார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். மீனில் முள்ளை எடுத்துவிட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்துவார். இப்படி ஒரு புருஷன் தனக்கு வாய்க்கவில்லையே என்று குமுதாவுக்குப் பொறாமைகூட வந்ததுண்டு.

நேற்று உடலை எடுத்ததும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். வாசலுக்கு வந்தபோது அப்பா கடைசியாகப் போட்ட பட்டை அப்படியே இருந்தது. அதில் தண்ணீரை ஊற்றக் குமுதாவுக்குக் கை வரவில்லை. ஆனால் சாவு வீட்டு வாசலில் கோலம் இருக்கலாமா? வருகிறவர்கள் அம்மாவைத்தானே பேசுவார்கள்?

அழுதுகொண்டே பிரஷ்ஷை எடுத்தாள். மாவின்மேல் மாவாக இறுகிப் போயிருந்தது, லேசில் விடவில்லை. அப்பாவின் கையையே பிடித்துத் தள்ளிவிடுவதுபோல இருந்தது. விடாமல் தேய்த்தாள். கடைசியில் சுத்தமாகப் போய்விட்டது. படியும் கீழே தரையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன.

"ஏம்மா, தெரிஞ்ச படிதானே? இதுலயா விழுவ?" தாங்க முடியாமல் குமுதா கேட்டாள்.

அம்மா முகத்தைத் திருப்பினாள். திருப்பியது குமுதாவின் குரல் வந்த பக்கம்தான். கண்கள் குமுதாவைத் தாண்டி எங்கேயோ போயின. அவள் கை மேலே நீண்டு, படியின் விளிம்பை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"வெள்ளை தெரிஞ்சா கால இறக்குன்னு ஒங்கப்பா சொல்லிக் குடுத்தாருடி," என்றாள். "பாத்துப் பாத்துத்தான் வந்தேன். வெள்ளையே வரல."