கை நீட்டாதவர்

உண்ணாமலை முந்தானையை ஏந்திக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளேயிருந்து நீண்ட கை அதில் சில்லறையைப் போடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படத்தைப் பார்த்ததும் தமிழரசுவுக்குக் காது மடல் சூடேறியது.

படத்துக்குக் கீழே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் வெள்ளியங்கிரி ஒரு வரி போட்டிருந்தார். 'இந்தப் பொண்ணுக்குத்தானே தம்பி நாங்கெல்லாம் பணம் அனுப்புனோம்?'

குழுவில் இருந்த அத்தனை பேரும் அப்படிப் பணம் அனுப்பியவர்கள்தான். பார்த்துவிட்டார்கள், ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தமிழரசுவுக்கு.

உண்ணாமலை, தமிழரசுவின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். அவள் மகள் இனியாவுக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்ததும், அவர் தன் பெயரிலேயே இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் ஒன்றைத் திறந்தார். அவள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றச் சொல்லி, "கொஞ்சம் அழுத மாதிரி இரும்மா" என்று அவரே எடுத்த படம்தான் அந்தப் பக்கத்தில் இருந்தது.

படம் நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவில் இருக்கிற கல்லூரித் தோழர்கள் வரைக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்து இனியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். இந்தச் சேவைக்காக நாமக்கல்லில் ஒரு மன்றத்தார் வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழரசுவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தார்கள்.

இனி எங்கே போர்த்துவது? வந்த பணத்தையெல்லாம் தமிழரசு சுருட்டிக்கொண்டார், பாவம் அந்தப் பெண் தெருவில் நிற்கிறாள் என்றுதானே பேசுவார்கள்!

அவர் பெரிய வீம்புக்காரர். அடுத்தவருக்காக என்றால் உலகம் பூராவும் கேட்பார், தனக்கென்று கை நீட்ட மாட்டார். போன மாதம் மகன் தர்ஷன் டெங்குக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்து, டாக்டர்களே கையைப் பிசைந்தபோதுகூட ஒருவரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. சொந்தக் காசைக் கொட்டி மகனை மீட்டுவந்தேன் என்பதில் அவருக்கு ஒரு மிதப்பே உண்டு.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற மனைவி தனப்பிரியா தெருவைக் காட்டினாள்.

"ஏனுங்க, உண்ணாமலை ஊடு ஊடாப் போறா. நம்மூட்டுக்கு மட்டும் வரலைங்க. கூப்புட்டேன், தலையக் குனிஞ்சிட்டே போயிட்டா."

"எப்படி வருவா? எந்த மூஞ்சிய வச்சுட்டு வருவா?" என்று சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தார்.

தெருக்கோடியில் அவளைப் பிடித்துவிட்டார். வண்டியைக் குறுக்கே நிறுத்தியதில் உண்ணாமலை திடுக்கிட்டு நின்றாள்.

"உனக்கு என்னம்மா கொறை வச்சேன்? வந்த பணம் பூரா ஆஸ்பத்திரிக்குத்தானே கட்டுனேன்? இன்னும் வேணும்னா என்கிட்டக் கேக்க வேண்டியதுதானே? இப்படித் தெருத்தெருவாப் பிச்சை எடுத்து என்ற மானத்த வாங்கோணுமா?"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. உண்ணாமலையின் முகம் செத்துவிட்டது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். படம் எடுத்த அன்றைக்கும் அவள் இப்படித்தான் நின்றாள். அன்று அவருக்கு அது அவமானமாகத் தெரியவில்லை, நல்ல படமாகத்தான் தெரிந்தது.

"காசு பத்தாம இல்லீங்கண்ணா" என்றாள் மெதுவாக. "இது மடிப்பிச்சைங்க. ஊடு ஊடா மடியேந்தி சமயபுரத்தா உண்டியல்ல போடறேன்னு வேண்டியிருந்தேனுங்க."

அப்போதுதான் அவர் அவளைச் சரியாகப் பார்த்தார். மஞ்சளில் நனைத்த புடவை. வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் செருப்பில்லாத கால். தோட்டம் துரவு உள்ளவர்கள்கூட வேண்டிக்கொண்டால் மடியேந்துகிற ஊர் இது. அதில் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடுவதில்லை. இது தெரியாதவரா அவர்? தன் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் கண்ணு மண்ணு தெரியாமல் நடுத்தெருவில் கத்திவிட்டார்.

பையில் கையை விட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. இந்தா, இனியாவுக்காக என்ற பங்கும் சேரட்டும்."

அவள் சட்டென்று முந்தானையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்கண்ணா."

"ஏம்மா, கோவமா?"

"ஐயோ, கோவமெல்லாம் இல்லீங்க. இனியாவுக்கு வேண்டுனதுக்கு அப்பவே மொட்டை போட்டுட்டு வந்துட்டமுங்க." திறந்திருந்த ஜன்னல்களை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாருக்கு வேண்டுனமோ அவிய ஊட்டுல மட்டும் காசு வாங்கக் கூடாதுங்க. இது தர்ஷன் தம்பிக்குங்கண்ணா."