பீர் கம்பெனிப் படம்

பழைய பீர் கம்பெனியை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடியில் தனபாலன் வீடு வாங்கியிருந்தான். அதைக் காட்டத் தன் அப்பாவையும், பெண் கொடுக்கப்போகும் மாசிலாமணியையும் அழைத்து வந்திருந்தான். குடியென்றாலே முகம் சுளிக்கும் குடும்பம் மாசிலாமணியுடையது. அதனால் அப்பா மில்லில் வேலை பார்த்தவர் என்று சொல்லி வைத்திருந்தான். கீழ்க்கூடத்துச் சுவரில், அந்த இடத்தின் வரலாறு என்று ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். ராட்சதச் செம்புக் கொப்பரையின் முன்னால், சட்டையில்லாமல் தொழிலாளர்கள் நின்றார்கள். அப்பா விறுவிறுவென்று போய் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்தா, நாந்தான்டா!”

“அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. யாரையோ பாத்துச் சொல்றாரு” என்றான் தனபாலன்.

அப்பா அவனை ஒரு கணம் பார்த்தார். “ஆமாங்க, மூக்குக்கண்ணாடிய வீட்லயே விட்டுட்டேன்” என்று சிரித்தபடி, படத்தில் பதிந்த விரல் தடத்தைத் துண்டால் துடைத்தார். மூக்குக்கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது.

மாசிலாமணி படத்தில் அந்த முகத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“என்ன தம்பி, இவரு அச்சு அசலா உங்கள மாதிரியே இருக்காரே?”

தனபாலனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அப்பா அதற்குள் லிஃப்ட்டுக்குப் போய், அவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.