விளம்பர முகம்

“நாளைக்கு கம்பெனியப் பாக்க ஜப்பான்காரங்க வர்றாங்க. நீ முன்னால நிக்காத சுகுணா. வெயில்ல வதங்கின மூஞ்சி,” என்றாள் பவுலினா.

ஓசூர் தொழிற்சாலையில் அவள் சூப்பர்வைசர். இருபது வருடம் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி அவள் முகமும் கறுத்துச் சுருங்கித்தான் கிடந்தது. தோல் கிளினிக் ஒன்றில் முகத்துக்கு நான்கு முறை லேசர் சிகிச்சை செய்துகொண்ட பிறகு அவள் யாரையும் மதிப்பதில்லை.

கடைசி லேசர் முடிந்து ஒரு மாதம் கழித்து, அந்தக் கிளினிக்கில் அவளைப் படம் எடுத்தார்கள்.

“விளம்பரத்துல போட்டுக்கலாமா மேடம்?”

“தாராளமா போடுங்க!”

பாகலூர் ரோட்டில் விளம்பரப் பலகை வைத்த அன்று, ஷிப்ட் முடிந்ததும் சுகுணாவையும் மற்ற பெண்களையும் கூட்டிப்போனாள்.

“பாத்துக்கோங்கடி. மூஞ்சின்னா இப்படி இருக்கணும்.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வலப்பக்கத்தில் யாரோ ஓர் இளம்பெண் பளபளவென்று சிரித்தாள். மேலே ‘சிகிச்சைக்குப் பின்’. இடப்பக்கத்தில், லேசர் முடிந்து எடுத்த பவுலினாவின் அதே படம். மேலே ‘சிகிச்சைக்கு முன்’.

கொதித்துப்போனவள், எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு கிளினிக்கை அழைத்தாள்.

“உங்க போர்டு பாத்தேன்…”

மறுமுனைப் பெண் முடிக்க விடவில்லை.

“தைரியமா வாங்க மேடம். இடது பக்கத்துல இருக்கிற அந்த மூஞ்சியவே மாத்திட்டோம், உங்கள மாத்த மாட்டமா?”