புள்ளியும் கொக்கியும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாழ்த்தை வாயால் சொல்ல வருவதில்லை, எச்சில் தொட்டு ஒட்டத்தான் தெரிகிறது என்று முணுமுணுத்தபடி, மருமகன் தாமோதரன் நீட்டிய ஆல்பத்தைப் புரட்டினார் சன்னாசி. அவன் பதினெட்டு வருடமாக வாழ்த்துத் தபால் தலைகளை மட்டுமே சேர்க்கிறவன். குத்துவிளக்கு, பூங்கொத்து, ஜோடிப்புறா, கும்பிட்ட கைகள் என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. கடைசிப் பக்கத்தில், ரோஜாப்பூ ஓரமாக, சன்னாசியின் மூஞ்சி இருந்தது.

"உங்க எண்பதாம் பொறந்தநாளுக்கு மாமா. போட்டோ குடுத்தா தபாலாபீஸ்லயே அடிச்சுத் தர்றாங்க. நாளைக்கு அழைப்புப் பத்திரிகை எல்லாம் இதை ஒட்டித்தான் போகுது."

"செத்தவன் மூஞ்சியத்தான இதுல போடுவான்?"

சன்னாசி மூன்றாம் வகுப்போடு நின்றவர். படத்துக்கு மேலே மருமகன் எழுதியிருந்ததை விரல் வைத்துக் கூட்டிப் படித்தார். "அ... ஞ்... ச... லி."

"ஐயோ மாமா, அஞ்சலி இல்ல, அஞ்சல் தலை! மேல புள்ளி இருக்கு பாருங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். புள்ளி இருந்தது. ஆனால் மை லேசாக வால் இழுத்திருந்தது.

"அப்ப, புள்ளி வச்சா உசுரோட இருக்கேன், கொக்கி போட்டா போய்ச் சேந்துட்டேன். கொக்கி போட எம்புட்டு நேரமாகும் மாப்பிள்ளை? இதப் பாத்துட்டு சொந்தக்காரன் எல்லாம் மாலையோட வந்து நின்னா?"

"பொறந்தநாளுக்கும் மாலையோடதான மாமா வருவாங்க?" தாமோதரன் சிரித்தான்.

சன்னாசி சிரிக்கவில்லை. பிறந்தநாளன்று வாசலில் தானே நின்று, வருகிற ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்த பிறகுதான் கழுத்தை நீட்டுவது என்று முடிவு செய்துகொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கினார்.