காய்ச்சாத பால்

"இங்கேயும் வந்துட்டீங்களா? உங்களுக்கு வெட்கமே இல்லையா?"

குழந்தைகள் வார்டுக்கு வெளியே நீள நாற்காலியில் உட்கார்ந்திருந்த பால்காரர் கோகிலன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெந்நீர் பிடிக்க ஃபிளாஸ்கோடு வந்த ஷாஹிரா அவர் முன்னால் நின்றாள். உள்ளே அவளுடைய மகள் ஹனா, மூன்று நாளாகச் சிறுநீர் சரியாகப் பிரியாமல் முகம் வீங்கிக் கிடந்தாள்.

"அக்கா, நான் வந்தது..."

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். சுகாதார இலாகாவுல நான் குடுத்த புகாரை வாபஸ் வாங்கணும், அதானே? முடியாதுலா!"

"அதுக்கு இல்லக்கா, நான்..."

"பேசாதீங்க!"

நடையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது ஷாஹிராவுக்கு. சுங்கை பாக்காப் ஊரிலிருந்து கடல் பாலம் தாண்டி விடிகாலையில் வந்து, "பால் அக்கா!" என்று வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பாரே, அதே ஆள்.

"காய்ச்சாதீங்க, காய்ச்சினா சத்தெல்லாம் போயிடும்னு சொன்னது யாரு? எங்க உம்மா காலத்துல இருந்து எங்க வீட்டுல பாலைக் காய்ச்சாமக் குடிச்சதே இல்ல. நீங்க சொன்னதை நம்பித்தானே பிள்ளைக்குப் பச்சையாக் குடுத்தேன்?"

"நானும் நம்பித்தான்க்கா சொன்னேன். மாடுங்களுக்கு ஒரு சீக்கும் இல்ல. கொட்டகையத் தினமும் கழுவுறோம்."

"சீக்கு இல்லாத மாட்டுச் சாணத்துலயும் கிட்னியைக் கெடுக்குற கிருமி இருக்குமாம். மடியில ஒட்டியிருந்தது கறக்கும்போது ஒரு பொட்டு பாலுல விழுந்தாப் போதும்னு டாக்டர் சொல்றாரு. கண்ணுக்கும் தெரியாது, வாடையும் வராது. ஆனா அடுப்புல ஒரு கொதி விட்டிருந்தாச் செத்திருக்கும்! இன்னைக்கு என் பிள்ளைக்குக் கிட்னி போச்சு!"

கோகிலன் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும். அந்தக் குனிந்த தலை அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"குனிஞ்சுட்டா ஆச்சா? உங்களுக்கு என்ன, நாளைக்கு வேற வீடு, வேற வாசல். தெரியாத பிள்ளைக்கு என்ன ஆனா உங்களுக்கென்ன?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"சொல்லுவேன்! என் பிள்ளை மட்டுமா? உள்ள ஜன்னலோரக் கட்டில்ல போய்ப் பாருங்க. யாழினின்னு ஒரு பிள்ளை. நேத்துத்தான் சேர்த்தாங்க. இதே வியாதி. ஹனாவை விடச் சின்னது. கண்ணைக்கூடத் திறக்கல. என்ன குடுத்தீங்கன்னு அம்மாக்காரிகிட்ட கேட்டேன். ஒரு வார்த்தை பேசல, சுவரைப் பார்த்து அழுதுகிட்டே இருக்கா. அதுவும் உங்க பாலாத்தான் இருக்கும்!"

கோகிலன் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஷாஹிரா விடவில்லை.

"அந்தப் பிள்ளையோட அப்பா வந்து, உங்க சட்டையைப் பிடிச்சு, 'ஏண்டா என் பிள்ளைக்கு இப்படிச் செஞ்சே'ன்னு கேட்டா, என்ன பதில் சொல்வீங்க?"

"பதில் இல்லக்கா."

"எப்படி இருக்கும்? அந்த மனுஷன் கையில நீங்க சிக்கணும். அதை நான் என் கண்ணால பார்க்கணும்!"

வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு தாதி ஒருத்தி அவசரமாக வெளியே வந்தாள்.

"யாழினி அப்பா! டாக்டர் கூப்பிடுறாரு, சீக்கிரம் வாங்க!"

கோகிலன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.